பத்துக்கு ஒன்று

காலை ஏழரைக்கு லான்ட்மாஸ்ரர் வரும்.
கிளிநொச்சிச் சந்தையின் அழுகல் தக்காளி,
மூன்று சாப்பாட்டுக் கடைகளின் வாளிகள்,
முகூர்த்த நாளென்றால் மண்டபத்துப் பரல்கள் இரண்டு:
பப்படம், மீன்குழம்பு, கையே படாத புரியாணி.
நிறுத்து எழுதுவேன். நானூற்றுப் பன்னிரண்டு கிலோ.
சமிபாட்டுத் தொட்டி அதைத் தின்னும்.
மேலால் வாயு போய்ப்
பக்கத்துச் சிற்றுண்டிச்சாலையில் நீலமாய் எரியும்.
அதைப் படம்பிடிக்க ஆட்கள் வருவார்கள்.

கீழால் வருவதைப் பார்க்க எவரும் வருவதில்லை.
கறுப்புமில்லை, மண்ணிறமுமில்லை.
மூக்கில் ஏறி நெற்றிக்குள் போய் இருக்கும்.
அதுதான் என் வேலை.

நுளம்புவலையால் வடித்து
இரண்டு நாள் அடைய விட்டு
தும்பு, கரி, மணல் எனக் கீழிறக்கி
பிறகு மீன்தொட்டிப் பம்பு,
பன்னிரண்டு நாள், இரவும் பகலும் காற்று.
மின்சாரம் நின்ற இரவில்
யூட் நிரஞ்சன் விடியும்வரை தடியால் கலக்கினான்,
மறு கையில் கிரிக்கெட் ஸ்கோர்.
அமோனியா இறங்க வேண்டும்.
அதற்கு அவசரம் தெரியாது.
பாசிச்சாயத்தாள் நீலத்தை விட்டு
வரவே மாட்டேனென்று நிற்கும்.

கடைசிச் சோதனை, ஈரப் பஞ்சில் இருபது பயறு.
முதல் மாதம் முளைத்தது மூன்று.
குழம்பு, ஊறுகாய், கருவாடு, எல்லாம் உப்பு.
உப்பை எந்தப் பற்றீரியாவும் தின்னாது.
கடை கடையாய் ஏறி இறங்கினேன்,
குழம்பை வேறாய் ஊற்றச் சொல்லி.
சிரித்தார்கள். சிலர் ஊற்றினார்கள்.
ஐந்தாம் மாதம் இருபதில் பதினெட்டு.
அன்றைக்குத்தான் கானுக்குச் சீட்டு ஒட்டினேன்:
பத்துப் பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு.

பூநகரிப் பக்கமிருந்து வந்த குகதாசன்
ஆறு கான் கொண்டுபோனார்.
மூன்றாம் கிழமை திரும்பி வந்தார்,
பழைய யூரியாப் பை நிறைய மிளகாய்க் கண்டுகளோடு.
நுனியிலிருந்து எரிந்தவை.
கொட்டினார், என் மேசையில்.
"உரமே கிடைக்காத அந்த வருஷம்கூட
ஏதோ காய்ச்சது, பிள்ளை."
பிறகு வாளியைப் பார்த்தார்.
"இவ்வளவு சோறோ" என்றார்.
ஒருமுறைதான் சொன்னார்.
என் புத்தகத்தில் கிலோவுக்கு மட்டுந்தான் இடமிருந்தது.

மிச்சக் கானை மறுபடி சோதித்தேன்.
பதினெட்டு. திரும்பவும் பதினெட்டு.
மானியை எடுத்துக்கொண்டு
அவர் மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறினேன்.
பரந்தனில் திரும்பியதும் காற்று மாறியது,
உதட்டில் கரித்தது.

அவர் பிழை விடவில்லை. அளவாய்க் கலந்திருக்கிறார்,
ரின்பால் பேணியால், பத்துக்கு ஒன்று,
ஒவ்வொரு பாத்திக்கும் கோடு கீறி.
பத்தும் அவர் கிணற்றுத் தண்ணீர்.
மானியை இறக்கினேன்.
இலக்கம் ஏறியது, நிற்குமென்று பார்த்தேன், ஏறியது.

ஒன்றை மாதக்கணக்காய்ச் சோதித்தேன்.
பத்தைப் பற்றி ஒருவரையும் கேட்கவில்லை.

தனியே என்றால் மிளகாய் பொறுத்திருக்கும்.
என் உப்பும் சேர்ந்தபோது கைவிட்டது.
பாதி எங்கள் பிழை என்றேன்.
அந்தப் பாதிக்குக் கண்டு வாங்கித் தருவோம் என்றேன்.
மற்றப் பாதியை எப்படிச் சொல்வதென்று
துலாக்கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
"குடிக்கிறதும் இதுதானோ?"
"வேற என்னத்தை?"

படலையடியில் பள்ளிக்கூடத்துத் தண்ணீர்ப் போத்தல் ஒன்று
கவிழ்த்துக் காயவைத்திருந்தது.
அவர் மனைவி தவமலர் தேத்தண்ணீர் கொண்டுவந்தா,
உள்ளங்கையில் ஒரு பனங்கட்டித் துண்டு.
கடித்துக் குடித்தேன்.
உப்புத் தெரியவில்லை.
மற்றக் கையில் மானி
இன்னும் துடைக்காமல்,
நுனியில் ஒரு சொட்டு.